காலையில எப்படி இருக்கும்?

2022 மார்ச்சில் என் இடது கண் மூன்றாவது முறையாகச் சிவந்தது. முந்தைய இரண்டு முறையும் ‘மெட்ராஸ் ஐ’ என்று நாங்களே முடிவுசெய்து, மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டு, கறுப்புக் கண்ணாடியோடு ஹாஸ்டல் அறையில் கிடந்தேன். கூட இருந்த பெண்கள் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து என் பக்கெட்டைக்கூடத் தொடவில்லை. ஆனால் யாருக்கும் ஒட்டவில்லை. அது ஏன் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். மூன்றாவது முறை டியூப்லைட் வெளிச்சமே ஊசியாகக் குத்தியதால் ஓசூரில் ஒரு கண் டாக்டரிடம் போனேன்.

கருவியின் முன்னால் தாடையை வைக்கச் சொன்னார். முதுகை வளைத்து அதில் முகத்தைப் பொருத்த நான் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை ரொம்ப நேரம் பரிசோதித்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு கேட்டார்.

“முதுகு வலி உண்டாம்மா?”

கண்ணுக்காக வந்தவளிடம் முதுகைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று புரியவில்லை. “இருக்கு சார். ஆறு வருஷமா.”

“காலையில எப்படி இருக்கும்?”

“காலையிலதான் சார் ரொம்ப. எழுந்திரிக்கவே முடியாது. கட்டை மாதிரி இருக்கும். ஒரு மணி நேரம் நடமாடினா கொஞ்சம் விடும்.”

“ராத்திரி வலியில முழிப்பு வருதா?”

“மூணு மணி, நாலு மணிக்கு வரும் சார்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்தது. என்ன நோய் என்று அவர் இன்னும் சொல்லவில்லை, பரிசோதனைகள்கூட ஆகவில்லை. ஆனாலும் ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர், எனக்கு மட்டுமே பதில் தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தார்.

நோய்க்குப் பெயர் கிடைப்பதற்கு முன்னால், அந்த நோயாளிக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? இந்தக் கட்டுரையில் நான் யோசிக்க விரும்புவது அதைத்தான்.

*

எனக்கு வலி ஆரம்பித்தபோது வயது 21. போச்சம்பள்ளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, ஓசூரில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் லைனில் நின்றுகொண்டிருந்தேன். ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் என்று வாரத்துக்கு வாரம் மாறும் வாழ்க்கை. வலி வந்தது இடுப்பில் இல்லை, அதற்குக் கீழே, பிட்டத்தின் உள்ளே. ஒரு வாரம் இடது பக்கம், அடுத்த வாரம் வலது பக்கம். அந்த இடத்தின் பெயரை ஒரு ஆண் டாக்டரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “இடுப்பு வலி சார்” என்றேன்.

நம் ஊரில் கல்யாணமாகாத ஒரு பெண் “இடுப்பு வலி” என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். மாதவிடாய் ஒழுங்கா வருதா, வெள்ளைப்படுதா என்று கேட்டார்கள். ரத்தம் குறைவு என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். அடுத்தவர் கால்சியம் போதவில்லை என்றார். அதற்கடுத்தவர் நின்று வேலை செய்வதால் என்றார், இன்னொருவர் உட்கார்ந்து பஸ்ஸில் போவதால் என்றார். ஊரில் எண்ணெய் போட்டு நீவிவிடும் பெரியவர் ‘பிடிப்பு’ என்றார். ஹாஸ்டல் வார்டன் அக்கா “கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்” என்றார்.

2019-ல் சம்பளத்தைச் சேர்த்துவைத்து பெங்களூருக்குப் போனேன். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூர் வேறு மாநிலம் இல்லை, பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊர். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி வந்ததும் கடைப் பலகைகளின் எழுத்து மாறும். காதுக்கு எதுவும் மாறாது, ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் பேசப்படுபவை. டாக்டர் “எல்லி நோவு?” என்று கேட்டார். கன்னடத்தில் நோவு, தெலுங்கில் நொப்பி. தமிழிலும் நோவு உண்டு, நாம்தான் அதை விட்டுவிட்டு வலி என்கிறோம். எங்கே நோகிறது என்று காட்டச் சொன்னபோதும் இடுப்பில்தான் கைவைத்தேன். முதுகின் கீழ்ப்பகுதிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். என் மாதச் சம்பளத்தில் பாதி போனது. ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. வலியே இல்லாத எத்தனையோ பேரின் முதுகைப் படம் எடுத்தாலும் அப்படி ஒரு பிதுக்கம் தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் திரும்பினேன். “நல்லா ரெஸ்ட் எடுங்க” என்று சொல்லி அனுப்பினார்கள்.

ரெஸ்ட் எடுக்க ஒரு வாய்ப்பும் வந்தது. 2020-ல் ஊரடங்கு. கம்பெனி மூடியது, எல்லையில் இ-பாஸ் கேட்டார்கள், நான் கிராமத்து வீட்டில் இரண்டு மாதம் படுத்தே இருந்தேன். வலி குறைந்திருக்க வேண்டும். என் வாழ்க்கையில் அந்த இரண்டு மாதம்போல வலி எப்போதும் இருந்ததில்லை. மறுபடி லைனுக்குப் போனதும் குறைந்தது. இதை அடுத்த டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, “வீட்ல ஏதாவது டென்ஷனா?” என்று கேட்டார். அப்போதிலிருந்து என் நோய் மனசுக்கு மாறியது.

இதில் யாரையும் வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. ஒவ்வொரு தவறான பெயருக்கும் ஒரு நியாயம் இருந்தது. எனக்கு ரத்தம் குறைவாகத்தான் இருந்தது. டிஸ்க் பிதுங்கித்தான் இருந்தது. வீட்டில் டென்ஷனும் இருந்தது. கூடவே நானும் என் பங்குக்கு ஒன்று செய்தேன், வலித்த இடத்தின் பெயரைச் சொல்லவில்லை.

இன்னொன்றும் நடந்தது. எனக்குத் தெரிந்த தமிழில் வலிக்கு ஏகப்பட்ட சொற்கள் உண்டு. குத்தல், குடைச்சல், இழுப்பு, பிடிப்பு, உளைச்சல், கடுப்பு, விண்விண்ணென்று தெறிப்பது. கடுப்பை இப்போது கோபத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டோம். என் அம்மாவுக்கு அது இன்னும் காலில்தான் வரும். இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு தகவல். ஆனால் என் மருத்துவ நோட்டில் ஆறு வருடமும் இருந்தது மூன்றே எழுத்து: எல்.பி.ஏ. கீழ் முதுகு வலி என்பதன் ஆங்கிலச் சுருக்கம். நான் சொன்னதெல்லாம் அந்த மூன்று எழுத்துக்குள் போய் அடங்கிவிட்டது.

*

நோயின் பெயர் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே தாக்கி அழற்சியை உண்டாக்கும் நோய்களில் ஒன்று. முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோஇலியாக் மூட்டில் தொடங்கும், அதனால்தான் பிட்டத்தில் வலி. பெரும்பாலும் இளம் வயதில் வரும். வருடங்கள் போகப்போக எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி முதுகெலும்பு மூங்கில் கழிபோல ஆகிவிடலாம். சிலருக்குக் கண்ணின் உள்பகுதியில் அழற்சி வரும், அதற்கு யுவைடிஸ் என்று பெயர். மெட்ராஸ் ஐ மாதிரி தெரியும், யாருக்கும் ஒட்டாது. ஆரம்ப வருடங்களில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் சரியாகவே இருக்கலாம். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1973-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை. நெடுங்காலம் இது ஆண்களின் நோய் என்றே கருதப்பட்டது. உலக அளவில் சரியான பெயர் கிடைக்கச் சராசரியாக ஏழு வருடம் போல ஆகிறது, பெண்களுக்கு அதைவிடக் கூடுதல். ஆறு வருடத்தில் தெரிந்துகொண்ட நான் ஒருவகையில் அதிர்ஷ்டசாலி.

இந்த நோயை மற்ற முதுகு வலிகளிலிருந்து பிரித்துக் காட்டும் முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. சாதாரண முதுகு வலி வேலை செய்தால் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். இது நேர் எதிர். ஓய்வெடுத்தால் கூடும், நடமாடினால் குறையும்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் ஞாபகம் வந்தார். “கம்பெனி பஸ்ல இருந்து கெழவி மாதிரி இறங்குற. பத்து மணிக்குப் பார்த்தா ட்ராலியைத் தள்ளிக்கிட்டு ஓடுற. என்னம்மா கதை இது?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். லைனே சிரித்தது. அவர் கெட்டவர் இல்லை. அவர் கவனித்ததும் தப்பில்லை. சொல்லப்போனால் ஆறு வருடத்தில் என் நோயை அவ்வளவு துல்லியமாகக் கவனித்தவர் அவர் ஒருவர்தான். காலையில் விறைப்பு, நடமாட்டத்தில் தளர்வு. ஒரு டாக்டர் எழுதியிருக்க வேண்டிய குறிப்பு அது. அதே குறிப்பை அவர் நான் நடிக்கிறேன் என்பதற்கான சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

எது நோயின் அடையாளமோ அதுவே பொய்யின் அடையாளமாகவும் தெரிந்தது. நானும் ஒரு கட்டத்தில் அவர் பக்கம் சேர்ந்துகொண்டேன். மத்தியானம் நன்றாக இருக்கும்போது, காலையில் நான் மிகைப்படுத்தினேனோ என்று என்னையே சந்தேகப்பட்டேன்.

*

வலியைப் பற்றி எலைன் ஸ்கேரி 1985-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு முக்கியமான அவதானிப்பு இருக்கிறது. வலிப்பவருக்கு அந்த வலியைவிட நிச்சயமான விஷயம் உலகில் வேறு இருக்க முடியாது. அதைக் கேள்விப்படுபவருக்கோ அதைவிடச் சந்தேகத்துக்கு இடமான விஷயம் இருக்க முடியாது. ஒரே அறையில், ஒரே மேஜையின் இரண்டு பக்கத்தில் இந்த இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த இடைவெளி யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் அந்த இடைவெளியில் என்ன செய்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

நீதிமன்றத்தில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும். நிரூபிக்க முடியவில்லை என்றால் விட்டுவிடுவார்கள். நோயில் நிரூபிக்க வேண்டியவர் நோயாளி. நிரூபிக்க முடியாவிட்டால் லீவு கிடையாது, சம்பளம் பிடிக்கப்படும், வீட்டில் பேச்சு கேட்க வேண்டும். தொழிலாளர்களுக்கான ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்கால உதவித்தொகை உண்டு, வருடத்துக்கு 91 நாள் வரை, கூலியில் 70 சதவீதம். நல்ல ஏற்பாடு. ஆனால் எந்த நல்ல ஏற்பாடும் ஒரு சான்றிதழில்தான் தொடங்குகிறது. சான்றிதழுக்கு ஒரு பெயர் வேண்டும். பெயரில்லாத நோய்க்கு உதவி செய்ய எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

இங்கே ஒரு எதிர்வாதம் உண்டு, அதை நியாயமாகச் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனையில் காலையில் நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். முதுகு வலி என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எழுதினால் எந்த நாடும் தாங்காது, தேவையுமில்லை. லீவுக்காகப் பொய் சொல்பவர்களும் உண்டு. லைனில் ஒருத்தியின் பாட்டி ஒரே வருடத்தில் மூன்று தடவை செத்துப்போனார். நானும் ஒரு தடவை, தோழியின் கல்யாணத்துக்காக, இல்லாத காய்ச்சலை வரவழைத்திருக்கிறேன். அப்படியிருக்க, சொல்பவர் எல்லோரையும் நம்பு என்று கேட்பது நடைமுறைக்கு ஒத்துவருமா?

நான் கேட்பது அது இல்லை. “நான் தேடியதில் கிடைக்கவில்லை” என்பதும் “அங்கே ஒன்றுமில்லை” என்பதும் இரண்டு வேறு வாக்கியங்கள். முதலாவது உண்மை. இரண்டாவது, கண்டுபிடிக்க முடியாததை இல்லாததாக மாற்றும் ஒரு தாவல். எனக்குக் கையில் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ‘நார்மல்’ என்று இருந்தது. ரத்தம் நார்மல், எக்ஸ்ரே நார்மல். அவை சொன்னது இந்தப் பரிசோதனையில் இது தெரியவில்லை என்பதை மட்டும்தான். ஆனால் அறையைவிட்டு வெளியே வரும்போது, நான் நார்மல், என் பேச்சுதான் நார்மலாக இல்லை என்று மாறியிருக்கும்.

நம்புவது என்றால் சொன்னதை எல்லாம் ஒப்புக்கொள்வது என்று அர்த்தமில்லை. சொன்னதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்வது, அவ்வளவுதான். சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்யலாம், மற்றவற்றோடு ஒப்பிடலாம், கடைசியில் தவறு என்றும் சொல்லலாம். கேட்காமலே தள்ளுபடி செய்வதுதான் கூடாது. அந்தக் கண் டாக்டர் என்னை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்டார். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நூறு பேர் வரிசையில் நின்றாலும் கேட்கக்கூடிய கேள்விதான் அது.

மிராண்டா ஃப்ரிக்கர் என்ற தத்துவவாதி 2007-ல் எழுதிய நூலில் அறிவு சார்ந்து ஒருவருக்கு இழைக்கப்படும் அநீதியை இரண்டாகப் பிரிக்கிறார். பேசுகிறவர் யார் என்பதை வைத்தே அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பது ஒன்று. தனக்கு நடப்பதைச் சொல்லத் தேவையான சொல்லே ஒருவருக்குக் கிடைக்காமல் இருப்பது இன்னொன்று. முதலாவதை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன், அது எனக்கு நடந்தது. இரண்டாவதைப் படித்தபோதுதான் அப்பாவின் முகம் வந்தது.

*

அப்பாவுக்குப் போவதற்கு முன்னால், கேள்விகளைப் பற்றி இன்னும் கொஞ்சம்.

1700-ல் பெர்னார்டினோ ராமஸினி என்ற இத்தாலிய மருத்துவர் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் ஹிப்போக்ரடீஸ் கேட்கச் சொன்ன கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்: நீ என்ன வேலை செய்கிறாய்? ஏழைத் தொழிலாளியின் வீட்டுக்குப் போகும் டாக்டர் அங்கே இருக்கும் முக்காலியிலேயே உட்கார்ந்து, அவசரப்படாமல் விசாரிக்க வேண்டும் என்றும் எழுதினார்.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அந்த ஒரு கேள்வியின் விலை என்ன என்று சொல்கிறேன். இங்கே கிரானைட் குவாரிகளும் கல் அறுக்கும் பட்டறைகளும் ஏராளம். கல்தூசியைச் சுவாசித்தவருக்கு வரும் சிலிகோசிஸும் காசநோயும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும். இருமல், மூச்சிரைப்பு, எடை குறைதல், எக்ஸ்ரேயில் நிழல். என்ன வேலை என்று கேட்காவிட்டால் காசநோய் என்றே எழுதப்படும், இந்தியா முழுக்க இது நடக்கிறது. சிலிகோசிஸ் சட்டப்படி தொழில்சார் நோய், அதற்கு இழப்பீடு உண்டு. காசநோய் என்று எழுதினால் அது அந்த ஆளின் சொந்த நோய். நோய்க்கு வைக்கும் பெயர், அந்த நோய் யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறது.

எந்த ஆஸ்பத்திரிச் சுவரிலும் ஒரு குறள் இருக்கும், நோயையும் அதன் முதலையும் தேடச் சொல்லும் குறள். அதே அதிகாரத்தின் கடைசிக் குறளை யாரும் சுவரில் எழுதுவதில்லை. மருத்துவத்தின் நான்கு பகுதிகளை வள்ளுவர் அதில் அடுக்குகிறார். மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் எல்லோருக்கும் முன்னால், முதலாவதாக, நோயுற்றவரைத்தான் வைக்கிறார்.

*

அப்பா மாந்தோப்புகளில் வேலை செய்தார். நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே அவரால் கழுத்தை நிமிர்த்தி மரத்தின் உச்சியைப் பார்க்க முடியாமல் போயிருந்தது. முழு உடம்பையும் பின்னால் சாய்த்துத்தான் பார்ப்பார். போகப்போகக் காய் பறிக்க யாரும் கூப்பிடவில்லை, காவலுக்கு மட்டும் கூப்பிட்டார்கள். பிறகு அதுவும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அம்மா கூலிக்குப் போய்விட்டு வந்து, “ஒக்காந்தே தின்னுட்டு இருக்காரு” என்று பாத்திரத்தை வைக்கிற சத்தத்தில் சொல்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, போச்சம்பள்ளிச் சந்தை. நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். மிளகாய் வாங்கிவிட்டு மீதி வாங்கும்போது அப்பா கையிலிருந்து ஒரு ரூபாய் நாணயம் கீழே விழுந்தது, அவர் கால் பக்கத்திலேயே. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “எடும்மா” என்றார். எனக்குக் கோபம் வந்தது. கடைக்காரர் முன்னால், காலடியில் கிடக்கும் காசைக்கூடக் குனிந்து எடுக்காமல் என்னை ஏவுகிறாரே என்று. “நீயே எடு” என்று சொல்லிவிட்டு நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். கடைக்காரர்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்பா 2014-ல் இறந்தார். அவருடைய முதுகை யாரும் எக்ஸ்ரே எடுக்கவில்லை.

என் நோய்க்குப் பெயர் கிடைத்த பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். அப்படித்தான் எங்கள் தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் இங்கே ஏராளம். இந்தப் பாறைகளிலிருந்துதான் ஃபுளோரைடு நீரில் கரைகிறது. குழந்தைகளின் பல்லில் மஞ்சள், பழுப்புக் கறையாக வரும். எங்கள் ஊரில் அதைக் கறை என்றே யாரும் நினைத்ததில்லை, பல் என்றால் அப்படித்தான் இருக்கும். பல வருடம் குடித்தால் எலும்புக்குப் போகும். முதுகும் கழுத்தும் விறைக்கும். 1937-லேயே ஷார்ட் என்ற மருத்துவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இதைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். தலைமுறைகளாக அந்த மக்கள் முதுமை என்றும் வாதம் என்றும் நினைத்துச் சுமந்ததற்கு அன்றைக்குத்தான் பெயர் கிடைத்தது.

எங்களுக்கும் ஒருநாள் கிடைத்தது. 2008-ல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கர்நாடகத்தில் அதற்கு எதிராகப் போராட்டங்கள் நடந்தன, எல்லையில் பதற்றமாக இருந்தது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. 2013-ல் திட்டம் தொடங்கியது. அதன் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது என்றும் இருக்கிறது. தண்ணீர்த் திட்டம் என்றுதான் நாங்கள் கேள்விப்பட்டோம். அந்தப் பெயரின் மறுபாதி எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை.

எலும்பு ஃபுளோரோசிஸைக் கிராமங்களில் கருவி எதுவும் இல்லாமல் சோதிக்க மூன்று எளிய வழிகள் உண்டு. தாடையை நெஞ்சில் தொடச் சொல்வார்கள். கைகளை உயர்த்திப் பின்னந்தலையைத் தொடச் சொல்வார்கள். மூன்றாவது, தரையில் ஒரு நாணயத்தைப் போட்டு, முழங்காலை மடக்காமல் குனிந்து எடுக்கச் சொல்வார்கள்.

அந்த வரியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்குப் பதின்மூன்று வயதில் சந்தையில் வைத்து ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. முடிவும் என் கண்முன்னால் வந்திருக்கிறது. நான் அதைத் திமிர் என்று படித்திருக்கிறேன். சூப்பர்வைசர் அண்ணன் என்னைப் படித்த மாதிரியே.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எலும்பு ஃபுளோரோசிஸும் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸும் ஒன்றைப்போல் ஒன்று தோன்றக்கூடியவை, ஒன்றை இன்னொன்றாக மருத்துவர்களே எடுத்துக்கொண்டதுண்டு. என்னுடைய நோயில் மரபுக்குப் பங்கு உண்டு. அப்பாவுக்கு இருந்தது தண்ணீரில் வந்ததா, ரத்தத்தில் வந்ததா? தண்ணீர் என்றால் அது ஊரின் கணக்கு, அரசின் கணக்கு. ரத்தம் என்றால் அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அவர் உயிரோடு இருந்தால் முன்கையில் ஒரு எக்ஸ்ரே, ஒரு ரத்தப் பரிசோதனை போதும், விடையை நெருங்கியிருக்கலாம். இப்போது வழியில்லை.

முதலில் இது என்னை அலைக்கழித்தது. அவர் நோயின் பெயர் தெரிந்தால்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்க முடியும் என்பதுபோல. பிறகுதான் அந்த எண்ணத்தில் இருந்த கோளாறு புரிந்தது. பெயர் கிடைத்தால்தான் நம்புவேன் என்று என்னிடம் எல்லோரும் சொன்னதையே நான் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு நான் பட்டிருந்த கடன் பெயருக்கு முந்தியது. அந்த ரூபாயை எடுத்துக் கொடுத்திருந்தால் போதும். அல்லது, “ஏம்ப்பா, குனிய முடியலையா?” என்று கேட்டிருந்தால் போதும்.

*

பெயர் கிடைத்ததும் பலதும் மாறியது. பிரிண்ட் செய்த ரிப்போர்ட்டைக் காட்டியதும் சூப்பர்வைசர் அண்ணன் எழுந்து நின்று, “சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். ஆறு வருடம் நான் சொன்னதைத்தான் அந்தக் காகிதமும் சொன்னது. என் வேலையை உட்கார்ந்தும் நின்றும் மாறிமாறிச் செய்யும் இடத்துக்கு மாற்றிக்கொடுத்தார். நன்றியாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் காகிதத்தின் மேல் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

இந்த நோய்க்கு முழுக் குணம் இல்லை. வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகள், தினமும் உடற்பயிற்சி, அதற்கும் அடங்காவிட்டால் விலை கூடுதலான ஊசிகள். காலையில் இன்னமும் கட்டை மாதிரிதான் எழுகிறேன், ஆனால் நேரம் குறைந்திருக்கிறது.

அம்மாவிடம் பெயரைச் சொன்னபோது இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, “இதை யார்கிட்டயும் சொல்லாத. பொண்ணு பாக்க வர்றவங்க காதுல விழுந்தா என்ன நெனப்பாங்க” என்றாள். ஆறு வருடம் போராடிக் கிடைத்த ஒரு சொல்லை ஒளித்துவைக்கச் சொல்கிறாள். அவள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. பெயர் நம்மைக் காப்பாற்றும், அதே பெயரை வைத்து நம்மைத் தள்ளியும் வைப்பார்கள். நான் ஒளிக்கப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இந்தக் கட்டுரையில் அது இருக்கிறது.

அன்றைக்கு அம்மா வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். புளி சீசன். நான் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை பொறுக்கினேன். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன்.

“அப்பாவுக்குக் காலையில எப்படிம்மா இருக்கும்?”

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “காலையிலதான் அவருக்கு. கயித்துக் கட்டில்ல இருந்து எழுந்திரிக்கவே பொழுது ஏறிடும். நாலு எட்டு நடந்துட்டார்னா அப்புறம் நல்லாத்தான் இருப்பாரு.” கட்டையால் இரண்டு புளியைத் தட்டினாள். “அதனாலதான் நடிக்கிறாருன்னு நெனச்சேன்.”

இதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். ஒரு பதிலில் நோய் தெரிந்துவிடாது, எட்டு வருடத்துக்கு முன் இறந்தவருக்கு மருந்தும் கிடையாது. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் கை நின்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “ஏன் கேக்கற?” என்றாள்.

“சும்மாதாம்மா” என்றேன். பிறகு அது சரியில்லை என்று தோன்றியது. கையைத் துடைத்துக்கொண்டு, கண் டாக்டர் கேட்டதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.